பல் டாக்டருக்கு மேல்மாடி

என் வீட்டுக்காரருக்குப் பல் எல்லாம் முத்து முத்தாக இருக்கும். கல்லைக் கொடுத்தாலும் கடித்துத் துப்பிவிடுவார். ஆனால் எங்கள் தெருவைக் கேட்டால் அவர் ஒரு பல் நோயாளி. அதுவும் வாராவாரம் டாக்டரிடம் போயும் தேறாத நோயாளி. எதிர்வீட்டு அக்கா அவரைப் பார்த்தால் போதும், தன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உச்சுக் கொட்டுவார். தெருமுனைத் தையற்காரர் கிராம்பு எண்ணெய் கொடுத்தனுப்புவார். யார் வீட்டுக்குப் போனாலும் மற்றவர்களுக்கு வறுத்த கடலை வரும், இவருக்கு மட்டும் வாழைப்பழம் வரும். வறுத்த கடலைக்கு உயிரை விடுகிற மனுஷன் பழத்தை உரித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்ப்பார். சிரிப்பை அடக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

இந்தப் பல் கதையைக் கட்டியது என் மாமியார்.

என் வீட்டுக்காரர் படையில் லாரி ஓட்டியவர். மேலே மலையில் இருந்த முகாம்களுக்கு மாவு, எண்ணெய், தோட்டா எல்லாம் ஏற்றிக்கொண்டு போவது அவர் வேலை. சேவைக் காலம் முடிந்து கை கால் சேதமில்லாமல் வீடு வந்து சேர்ந்தார். கொடுத்துவைத்தவள் என்று ஊரே என்னைச் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித் தருவது என் தொழில். அதில் பாதி கத்துவது, மீதிப் பாதி விழுந்தவர்களைத் தூக்கி நிறுத்துவது. வண்டிகளைப் பழுது பார்க்க வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் இவர் உட்கார்ந்துகொண்டார். நல்ல ஜோடிதான். என்ன, மனுஷன் தூங்கவில்லை. படுப்பார், எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் பார்ப்பார், பிறகு நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டுக்கொண்டு விடிகிறவரைக்கும் உட்கார்ந்திருப்பார்.

ஒரு பிறந்தநாள் வீட்டில் பலூன் வெடித்தது. கண் மூடித் திறப்பதற்குள் இவர் விருந்து கொடுத்தவரையும் அவர் மனைவியையும் மேஜைக்கு அடியில் தள்ளி, அவர்கள்மேல் குப்புறப் படுத்துவிட்டார். கேக் எல்லோருக்கும் அடியில் இருந்தது. முதலில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை என்றதும் சிரிப்பு நின்றுபோனது.

அதற்கப்புறம்தான் டாக்டர். பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் மனநல டாக்டர் ஒருவர் இருந்தார். கீழே பல், மேலே மனசு. இதைக் கேட்டதும் என் மாமியார் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும்.

"மாடின்னு சொன்னா ஊரு என் பிள்ளைக்குப் பைத்தியம்னு பேரு வச்சிடும். பல்லுன்னு சொல்லிடு. பல்லு கெட்டவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு யாரும் சொன்னதில்ல."

அதான் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதே அத்தை, இதோ நிற்கிறேனே என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து பின்பக்க இரும்புப் படியில் ஏறி மாடிக்குப் போவது எங்கள் வழக்கமானது. சொன்னால் நம்பமாட்டீர்கள், வைத்தியம் பலித்தது. கதவைப் பார்த்திருந்த நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம், பிறகு மூன்று மணி நேரம் என்று தூக்கம் திருட்டுத்தனமாக வீட்டுக்குள் வர ஆரம்பித்தது. ஒருநாள் பழைய ஸ்கூட்டர் ஒன்று கொட்டகையில் படார் என்று வெடித்துப் புகை கக்கியது. நான் கரண்டியும் கையுமாக ஓடினால், இவர் அந்த வண்டியின் பரம்பரையையே திட்டிக்கொண்டு நிற்கிறார். குனியவில்லை, படுக்கவில்லை. அன்றைக்குக் கரண்டியோடு நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து என் மாமியார் அடுத்த டாக்டர் சந்திப்பு எனக்காக இருக்குமோ என்று யோசித்தார். எனக்கென்ன, என் புருஷன் எனக்குத் திரும்பக் கிடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஊருக்கு வந்து சேர்ந்தார் இடி.

இடி என்பது இவர்களுடைய பழைய சார்ஜெண்டின் பட்டப்பெயர். அவர் குரலுக்கு வைத்தது. மலைப்பாதையில் முதல் லாரியில் நின்று கத்தினால் கடைசி லாரியில் இருப்பவன் தொப்பியைச் சரிசெய்வானாம். ஓய்வு பெற்று எங்கள் ஊரிலேயே வீடு வாங்கி, வந்த வேகத்தில் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆகிவிட்டார். ஒரு கூட்டத்தில் யாரோ ஒரு அப்பாவி எழுந்து, நம்மவர்களுக்குத் தூக்கம் இல்லை, கோபம் வருகிறது, அந்த மாடி டாக்டரை ஒருநாள் பேசக் கூப்பிடலாமே என்று கேட்டிருக்கிறார். இடி மேஜையில் ஒரு குத்து விட்டாராம்.

"மாடி ஏறினவன் சங்கத்துப் படி ஏற வேண்டாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவை அலமாரிக்கு மேல் எறிந்துவிட்டு, இனிமேல் போகப் போவதில்லை என்றார். நான் கத்தினேன். கெஞ்சினேன். ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வந்த பெண்கள் வாசலில் நிற்பதையும் மறந்து மறுபடி கத்தினேன். தலைகீழாக நின்றாலும் அசையவில்லை. அந்த வாரமே நாற்காலி கதவுப்பக்கம் திரும்பிவிட்டது. காலையில் எழுந்து வந்து அந்த நாற்காலியைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் இடியின் வீட்டுக்குப் போய் அவர் மீசையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஆத்திரம் கொஞ்சம்தான், பயம்தான் நிறைய. மனுஷன் இப்போது கைநழுவிப் போனால் மறுபடி கிடைக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

கடைசியில் அவருடைய பட்டாளப் புத்தியே எனக்குக் கைகொடுத்தது. சொல்லிக்கொள்ளாமல் ஓர் இடத்தை விட்டுப் போவது அவர்களுக்குப் பெரிய பாவம். நேரில் போய் நின்று, நான் விலகுகிறேன் என்று முறையாகச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். டாக்டரிடம் சொல்லாமல் நின்றுவிடுவது ஓடிப்போவதற்குச் சமம், ஓடிப்போனவர் பெண்டாட்டி என்று என்னை யாரும் சொல்லக்கூடாது என்று ஒரு போடு போட்டேன். முகம் சிவந்துவிட்டது. விடைபெற்றுக்கொண்டு வருவதற்கு மட்டும், ஒரே ஒரு தடவை வருகிறேன் என்றார். எனக்கு அது போதும். டாக்டர் இரண்டு வார்த்தை பேசினால் மனசு மாறும் என்று நம்பினேன்.

டாக்டர் வெளியூர் போய் அன்றுதான் திரும்பியிருந்தார். அதனால் தனித்தனி நாளில் வர வேண்டியவர்களை எல்லாம் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். இது எங்களுக்குத் தெரியாது. பின்பக்கம் வண்டியை நிறுத்தும்போதே எனக்கு மூக்கில் வியர்த்தது. அங்கே நின்ற ஸ்கூட்டர்களில் பாதிக்கு மேல் நம்பர் பிளேட்டில் துணி சுற்றியிருந்தது. ஒன்றில் சாக்கையே கட்டியிருந்தார்கள். என் தொழிலில் எத்தனையோ வண்டி பார்த்திருக்கிறேன், வெட்கப்படுகிற வண்டிகளை அன்றுதான் பார்த்தேன்.

மாடி அறை நிறைய ஆட்கள். ஆனால் ஒரு முகம்கூட இல்லை. வரிசையாகச் செய்தித்தாள்கள் விரிந்திருந்தன. ஒன்று தலைகீழாக. வேர்த்துக் கொட்டுகிற வெயிலில் ஒருவர் தலையைச் சுற்றி மப்ளர் கட்டியிருந்தார். ஒருவர் மீன் தொட்டியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு மீன்களுக்கே சங்கடம் வரும்படி பார்த்துக்கொண்டிருந்தார். மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஹெல்மெட்டையே கழற்றவில்லை. முகக் கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தார். மூச்சு பட்டுப் பட்டுக் கண்ணாடி வெளுத்துப்போயிருந்தது. என் வீட்டுக்காரரும் சட்டென்று ஒரு பத்திரிகையை எடுத்து விரித்துக்கொண்டார். அது குழந்தை வளர்ப்புப் பத்திரிகை.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணுக்கு இத்தனை பேரைச் சமாளிக்கத் தெரியவில்லை. டை கட்டிய ஒரு இளைஞன் அடுத்தது நான்தான் என்றான். மப்ளர்க்காரர் இல்லை நான்தான் என்றார். பேச்சு தடித்தது. ஒருவர் எழ, இன்னொருவர் எழ, நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. அந்தப் பெண் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அது வந்தது.

"வரிசையில் நில்!"

மீன்கள் தொட்டிக்கு அடியில் போயின. செய்தித்தாள்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கீழே விழுந்தன. அறையில் பாதிப் பேர் துள்ளி எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, உயரமானவர் வலது கோடி, குட்டையானவர் இடது கோடி என்று சுவரோரமாக நின்றுவிட்டார்கள். ஒருவர் தோள் ஒருவரை இடிக்கவில்லை. மப்ளர் அவிழ்ந்து விழுந்தது. பார்த்தால் சங்கத்துச் செயலாளர். மீன் தொட்டிக்காரர் பஸ் டிப்போ மேற்பார்வையாளர். என் வீட்டுக்காரர் வரிசையில் ஐந்தாவதாக, குழந்தை வளர்ப்புப் பத்திரிகையைத் துப்பாக்கி மாதிரி விலாவோடு அணைத்தபடி நின்றார். படைக்கும் தனக்கும் ஒட்டும் உறவும் இல்லாத டை இளைஞன்கூடப் பயத்தில் ஓரமாகப் போய் நின்றுகொண்டான்.

கட்டளை போட்டவருக்கும் தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அந்தக் குரலை ஹெல்மெட்டுக்குள் மட்டுமில்லை, கிணற்றுக்குள் போட்டு மூடினாலும் அடையாளம் தெரியும். இடி எழுந்து கதவுப்பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். ஆனால் வரிசை அவரை விடவில்லை. மேலதிகாரி முன்னால் வந்தால் விவரம் சொல்ல வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியது அல்லவா. முதலில் நின்ற செயலாளர் தன்னையறியாமல் வாய் திறந்தார். முட்டி வலி என்றார். அடுத்தவர் கண்ணில் பூ என்றார். மூன்றாமவர் மச்சானைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். டிப்போக்காரர் பல் என்றார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாகக் கோபமும் வந்தது. இத்தனை பேரும் அந்தக் கூட்டத்தில் கைதட்டியவர்கள்.

"பல்லு கீழ சார். இது மாடி."

அடுத்தது என் வீட்டுக்காரர் முறை. அவர் உதட்டில் பல் என்ற சொல் பாதி வந்துவிட்டது. நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு நேராக அந்த வெளுத்த கண்ணாடியைப் பார்த்தார்.

"தூக்கம் வரல சார். அன்னிக்கு மலை ரோட்டுல எனக்குப் பின்னால வந்த வண்டி வெடிச்சுது. நிறுத்தாதே, ஓட்டுன்னு சத்தம் வந்துச்சு. ஓட்டிட்டேன். பின்னாலேருந்து அவன் கூப்பிட்டான் சார். எனக்குக் கேட்டுது. இன்னும் ஓட்டிக்கிட்டேதான் இருக்கேன்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பின்னால் வந்த லாரியை ஓட்டியவரின் கல்யாணப் படம்கூட எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் எப்படிப் போனார் என்று நான் கேட்டதே இல்லை.

இடி ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. தாடைக்குக் கீழே கொக்கி சிக்கிக்கொண்டது. பிடித்து இழுக்கிறார், மீசையும் சேர்ந்து வருகிறது. இந்த மாதிரிக் கொக்கியைத் தினமும் விடுவிக்கிறவள் நான், சும்மா நிற்க முடியுமா. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள் சார் என்றேன். அவ்வளவு பெரிய மனுஷன் முதல்நாள் வகுப்புக்கு வந்தவர் மாதிரி தாடையைத் தூக்கிக் காட்டினார். ஹெல்மெட் வந்ததும் உள்ளே இருந்த முகத்தைப் பார்த்தேன். நனைந்திருந்தது. அது வேர்வை மட்டும் இல்லை.

"ஓட்டுன்னு கத்தினது நான். நீ இல்ல. நிறுத்தியிருந்தா உன் வண்டியும் போயிருக்கும், உன்னைப் பாத்து முன்னால நின்ன வண்டியும் போயிருக்கும். அதை உன் வீட்டுக்கு வந்து சொல்லணும்னுதான் இந்த ஊர்லயே வீடு வாங்கினேன். வாசல் வரைக்கும் வந்து திரும்பிடுவேன். அந்தத் தைரியம் வரட்டும்னுதான் இங்க வரேன்."

அந்தக் குரலில் இப்படி ஒரு சன்னக் குரலும் இருக்கிறது என்று அவர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. சங்கத்தில் அன்றைக்கு ஏன் அப்படிப் பேசினீர்கள் என்று நான்தான் கேட்டேன். பயந்துபோய்ப் பேசினேன் அம்மா, எவனாவது இந்த மாடிக்கு வந்து என்னைப் பார்த்துவிடுவானோ என்று பயம் என்றார். செயலாளர் தயங்கித் தயங்கி, அப்படியானால் முட்டி வலியை வாபஸ் வாங்கிக்கொள்ளலாமா சார் என்று கேட்டார். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மச்சானைப் பார்க்க வந்தவர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தேவிட்டார். டை இளைஞன் எதற்கென்று தெரியாமலே கண்ணீர் வரச் சிரித்தான். சத்தம் கேட்டு டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அணிவகுப்பு, டாக்டர் என்று அந்த வரவேற்புப் பெண் அமைதியாகச் சொன்னாள்.

அடுத்தது யார் என்று டாக்டர் கேட்டார். இடி தன் முறையை என் வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுத்தார். விடைபெறுவதற்கு என்று வந்தவர் உள்ளே போனார். ரொம்ப நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். அடுத்த வாரம் எப்போது வரலாம் என்று அந்தப் பெண்ணிடம் அவரே கேட்டார். நான் திரும்பி நின்று மீன் தொட்டியைப் பார்த்தேன். இல்லாவிட்டால் அங்கேயே ஆடியிருப்பேன்.

எல்லோரும் முடிந்து கிளம்பும்போது பின்படிக்கு யாரும் போகவில்லை. முன்படியிலேயே இறங்கினார்கள். இவர்களுக்குச் சேர்ந்து நடந்தால் கால் தானாக ஒரே தாளத்தில் விழும். தட் தட் என்று கட்டடமே அதிர, நேராகப் பல் ஆஸ்பத்திரியின் கூடத்தில் போய் இறங்கினோம். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார் என்றால், எதிர்வீட்டு அக்கா. கடைவாய்ப் பல் பிடுங்கி, பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தார். என் மாமியார் அந்தப் பல் டாக்டரைப் பற்றி அளந்த பெருமையை நம்பி வந்திருக்கிறார், பாவம். மாடியிலிருந்து இறங்குகிற ஊர்வலத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். கண் மேலே போய்க் கீழே வந்தது.

என் வீட்டுக்காரர் நின்றார்.

"பல்லு நல்லாத்தான் இருக்குக்கா. மேலதான் வைத்தியம் பாத்துக்கறேன். இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்."

அக்கா பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் தம்பி வேலை போனதிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை, அவனையும் இங்கே கூட்டிவரலாமா என்று கேட்டார். இதைக் கேட்கக் காத்திருந்தவர் மாதிரி இடி முன்னால் வந்தார். நாளைக்கே நான் வந்து அவனோடு பேசுகிறேன் என்றார். சன்னமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். பல் டாக்டர் கையில் இருந்த கருவியைக் கீழே போட்டுவிட்டார்.

ஊர் ஒரே நாளில் திருந்திவிட்டது என்று நான் சொல்லவில்லை. என்னிடம் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் மறுநாளிலிருந்து வரவில்லை. பைத்தியம் பழுது பார்க்கிற வண்டியில் ஏற மாட்டேன் என்று சொன்னதாகக் கேள்வி. போகட்டும், பிரேக் எது என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவே இல்லை. என் மாமியார் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பிறகு இடி எங்கள் வீட்டுக்கு வந்து மாமியார் காலடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாமியார் தெருவில் வம்புக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திப் பதில் சொல்லிவிடுவார்.

ஆனால் எனக்கு அன்றைய நாள் என்றால் நினைவுக்கு வருவது வீட்டுக்குத் திரும்பி வந்ததுதான். வழக்கம்போல நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் ஒரே நெரிசல். எல்லாப் பக்கமும் ஹாரன். சிக்னலில் நிற்கும்போது என் முதுகில் பாரம் கூடியது. என்னங்க என்றேன். தலையைத் திருப்பிப் பார்த்தேன். கன்னத்தை என் தோளில் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தார். கைகள் மட்டும் விடவில்லை. ஓடுகிற லாரியில் உட்கார்ந்தபடியே தூங்குவார்களாம் இவர்கள், கல்யாணமான புதிதில் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த வித்தை அவருக்கு மறந்தே போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

பச்சை விழுந்தது. பின்னால் லாரி ஒன்று அலறியது. அவர் அசையவில்லை. என்னிடம் படித்தவர்கள் யாராவது அன்றைக்கு என்னைப் பார்த்திருந்தால் மானம் போயிருக்கும். முதல்நாள் வகுப்புக்காரி மாதிரி ஓரமாக உருட்டிக்கொண்டு போனேன். சைக்கிள்காரர்கள் முந்திப் போனார்கள். ஒரு கையால் அவர் கைகளை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தன, இரண்டையும் குலுங்காமல் செய்ய வேண்டியிருந்தது.

எங்கள் தெரு வந்தது. நான் திரும்பவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தேன்.